வாசகர் கேள்வி – பதில்: நாளைய கொழும்பு

கொழும்பு நகரின் எதிர்காலம் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே பொருளைப் பற்றி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, எழுதியவரின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்கு எழுபது வயதாகிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் கொழும்புக்கு ஒரு புதிய திட்டம் வருகிறது. படங்கள் அழகாக இருக்கின்றன. இவற்றுள் எதுவாவது நிறைவேறியதுண்டா? (கொட்டாஞ்சேனை)

பதில்: ஓரளவுக்கு நிறைவேறியிருக்கிறது. ஆயினும் நிறைவேறியவற்றுள் பெரும்பாலானவை கட்டடங்களும் வீதிகளுமே. எங்கே கட்டக்கூடாது, எந்த நிலத்தைத் தொடக்கூடாது என்று அதே திட்டங்கள் சொன்ன பகுதிகள்தான் பெரும்பாலும் கைவிடப்பட்டன.

1921 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்து அறிஞரான பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு ஒரு முதனிலை அறிக்கையைத் தயாரித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் சென்னை மாகாணத்து நகரங்களையும் ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் அவர். பழைய குடியிருப்பு ஒன்றைத் திருத்துவதற்கு முன் அதை நன்றாகப் படித்தறிய வேண்டும், இடிப்பது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது அவருடைய கொள்கை. மரங்கள் அடர்ந்த தோட்ட நகரமாகக் கொழும்பை அவர் எண்ணிப் பார்த்தார். அந்த எண்ணத்தின் சாயலைக் கறுவாத்தோட்டத்தில் இன்றும் காணலாம். உங்கள் கொட்டாஞ்சேனையில் தேடினாலும் கிடைக்காது. 1948 இல் பிரித்தானிய நகரத் திட்டமிடலாளரான பற்றிக் அபர்குரொம்பி, ராகம, ஹோமாகம, இரத்மலானை ஆகிய இடங்களில் துணை நகரங்களை அமைத்துக் கொழும்பின் நெரிசலைக் குறைக்கலாம் என்றார். அந்த ஊர்கள் வளர்ந்தன. ஆனால் காலையில் கொழும்புக்கு வேலைக்குப் புறப்படுவோரின் ஊர்களாகவே வளர்ந்தன. 1978 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை உருவாயிற்று. அக்காலப் பெருந்திட்டத்தை ஒட்டி நிருவாகத் தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்கு மாற்றப்பட்டு, ஜெப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றம் 1982 இல் தியவன்னா ஓயாவின் நடுவே திறக்கப்பட்டது. பின்னர் 1998 இல் ஒரு பிராந்தியத் திட்டமும், 2016 இல் மேல் மாகாணம் முழுவதற்குமான பெருநகரத் திட்டமும் வந்தன.

இந்தக் கடைசித் திட்டத்தின் உயிர்நாடியாக இருந்தது மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரையிலான சுமார் 16 கிலோமீற்றர் இலகு ரயில் பாதை. ஜப்பானுடன் 2019 இல் கடன் உடன்படிக்கை கைச்சாத்தாகி, 2020 செப்டெம்பரில் இரத்துச் செய்யப்பட்டது. அந்த ரயில் தேவையா இல்லையா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கையொப்பமிட்ட வேலையை அடுத்த ஆண்டே கைவிடக்கூடிய ஒரு நிருவாகத்தால் முப்பது ஆண்டுகளுக்கான நகரத்தை அமைக்க முடியாது. இத்தனை அறிக்கைகளையும் பார்த்த பின்னர் எனக்குத் தோன்றுவது, நமக்கு இன்னொரு புதிய வரைபடம் தேவையில்லை என்பதே. இருப்பவற்றுள் நல்லதைத் தொடர்ந்து செய்யவும், செய்ததைப் பேணவும் ஆளும் பணமும் ஒதுக்கப்பட வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இந்தப் பேச்சே திரும்ப வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏக்கர் கணக்கில் சதுப்பு நிலம் நுளம்பு பெருகிக் கிடக்கிறது. காணி இல்லாமல் மக்கள் தவிக்கும்போது இதை மண் போட்டு நிரப்பி வீடு கட்டிக் கொடுத்தால் என்ன? (ராஜகிரிய)

பதில்: நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை.

கொழும்பு தாழ்ந்த ஊர். இங்கே பெய்யும் மழை கால்வாய்களின் வழியாகக் களனி கங்கைக்கோ கடலுக்கோ போய்ச் சேர வேண்டும். களனி பெருக்கெடுத்திருக்கும்போது கால்வாய் நீர் அதற்குள் இறங்க மாட்டாது. அந்தச் சில மணி நேரத்துக்கு, சில வேளைகளில் சில நாட்களுக்கு, நீர் எங்கேயாவது தரித்து நிற்க வேண்டும். அது தரிக்கும் இடமே கொலன்னாவை, ஹீன் எல, தலங்கம, கோட்டே ஆகிய பகுதிகளின் சதுப்பு நிலம். கணக்கு எளிது: ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 40 இலட்சம் லீற்றர். அதை 8,000 லீற்றர் கொள்ளும் பவுசர்களில் ஏற்றுவதாக இருந்தால் 500 பவுசர்கள் வேண்டும். நீங்கள் ஓர் ஏக்கரை நிரப்பினால் அந்த 500 பவுசர் நீரும் மறைந்துவிடாது. வெல்லம்பிட்டியிலோ கொலன்னாவையிலோ யாருடைய வீட்டு முன்னறைக்குள்ளாவது புகும். மண் போட்டு உயர்த்தியவர் நனைவதில்லை, அயலவர்தான் நனைகிறார் என்பதே இந்த விடயத்தில் பெரிய அநீதி.

2010 நவம்பரில் ஒரே இரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தபோது பாராளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. தாழ்நிலங்களை நிரப்பி அபிவிருத்தி செய்வதற்கென 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஒரு கூட்டுத்தாபனத்தையே அமைத்த நாடு நம்முடையது. அதே கூட்டுத்தாபனம் இன்று கால்வாய்களைத் தூர்வாரி, எஞ்சிய ஈரநிலங்களைக் காத்து நிற்கிறது. 2012 இல் உலக வங்கி வழங்கிய 213 மில்லியன் டொலர் கடனில் பெரும்பகுதி வெள்ளத்தைத் தடுக்கும் வேலைகளுக்கே சென்றது. 2018 இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்றாகியது. கொழும்புப் பெருநகரப் பகுதியில் இன்னும் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் எஞ்சியிருக்கிறது. கடன் வாங்கிக் கட்ட வேண்டிய வெள்ளத் தேக்கம் நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

நுளம்பைப் பற்றி ஒரு வார்த்தை: டெங்கைப் பரப்பும் நுளம்பு பெருகுவது வீட்டுப் பீலியிலும், பூச்சாடித் தட்டிலும், கைவிட்ட டயரிலும் தேங்கும் தெளிந்த நீரிலேயே. மீன்களும் தவளைகளும் வாழும் சதுப்பு நிலத்தை அதற்காகக் குற்றம் சாட்ட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டின் பின்புறத்தை அவர்களே உங்களுக்கு விளக்கிச் சொல்வார்கள்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு எட்டு மாடி, பத்து மாடியாக எழும்புகின்றன. ஒரு மழை பெய்தால் முழங்கால் அளவு நீர். இதற்கு எல்லையே கிடையாதா? (வெள்ளவத்தை)

பதில்: காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒழுங்கைகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். முன்பு 10 பேர்ச் காணியில் ஒரு வீடு, அதன் பின்னால் ஒரு மாமரம், கிணற்றடி, மண் முற்றம் என்று இருந்தன. அந்த மண்ணில் விழுந்த நீரின் பெரும்பகுதி அங்கேயே இறங்கிற்று. இன்று அதே காணியின் மதில் முதல் மதில் வரை சீமெந்து. கீழ்த்தளம் முழுவதும் வாகனத் தரிப்பிடம். 100 மில்லிமீற்றர் மழைக்கு 10 பேர்ச் காணியில் விழுவது சுமார் 25,000 லீற்றர் நீர். அத்தனையும் குழாய் வழியே ஒழுங்கைக் கானுக்குள் வந்து விழுகிறது. ஒரு வீட்டுக்கென்று வெட்டிய கான் அதேதான். அதன்மேல் மூடிய பலகைக்கல்லை எப்போது கடைசியாகத் தூக்கிப் பார்த்தார்கள் என்று உங்கள் ஒழுங்கையில் யாரையாவது கேளுங்கள்.

எல்லை சட்டத்தில் உண்டு. 1915 ஆம் ஆண்டு வீடமைப்பு, நகரச் சீராக்கக் கட்டளைச் சட்டம் கட்டடத்தின் உயரத்தை 63½ பாகைக் கோணத்தோடு இணைத்தது. எளிதாகச் சொன்னால், பின்னால் விட்ட வெளியின் அகலத்தைப் போல் இரண்டு மடங்குதான் உயரம். அடுத்த வீட்டு அறைக்கும் வெளிச்சமும் காற்றும் போக வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணியிருக்கிறார்கள். இன்றைய ஒழுங்குவிதிகள் வீதியின் அகலத்தையும் காணியின் அளவையும் பார்த்து உயரத்தைத் தீர்மானிக்கின்றன. மழைநீரைச் சேகரிக்கும் ஏற்பாடும் 2007 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தினுள் வந்துவிட்டது. ஆனால் வரைபடத்தில் காட்டிய நீர்த்தொட்டி, கட்டடம் முடிந்த பின்னரும் தொட்டியாகவே இருக்கிறதா என்று பார்ப்பவர் இல்லை.

கடிதம் எழுதியவர்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நீர் ஒரு நாளில் வடிந்துவிடும். இந்தக் கட்டடங்கள் அறுபது ஆண்டுகள் நிற்க வேண்டியவை. 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடர்மாடியில் வீடு வாங்கும் ஒவ்வொருவரும் அதன் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினராகிறார். மின்தூக்கி, நீர்ப்பம்பி, ஜெனரேற்றர், வெளிச்சுவர்ப் பூச்சு ஆகிய எல்லாம் அனைவருக்கும் பொது. வெள்ளவத்தையில் வீடுகளின் உரிமையாளர்கள் பலர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மாதக் கட்டணம் வருவதில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நான்கு பேர் வருகிறார்கள். பெரிய திருத்தத்துக்கென்று ஒதுக்கு நிதி கிடையாது. கடற்காற்று உப்பு கம்பியைத் தின்பதற்குக் கூட்டம் கூடும்வரை காத்திருப்பதில்லை. வீடு வாங்கப் போகிறவர்கள் சமையலறை ஓட்டின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், கூட்டுத்தாபனத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. கணக்கைக் காட்ட மறுத்தால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையிடம் முறையிடலாம்.

கேள்வி: வீதியோரத்துப் பெரிய மரங்கள் ஆபத்தானவை. அவற்றை வெட்டிவிட்டுச் சிறிய அலங்கார மரங்களை நட்டால் என்ன? (கொள்ளுப்பிட்டி)

பதில்: 2023 ஒக்டோபரில் டூப்ளிகேஷன் வீதியில் பேருந்து ஒன்றின் மேல் மரம் விழுந்து ஐவர் உயிரிழந்ததை மறந்து பேச முடியாது. ஆனால் வேரைச் சுற்றிக் கழுத்துவரை சீமெந்து போட்டு, குழாய் புதைக்க ஒரு பக்க வேரை அறுத்து, பின்னர் மரத்தைக் குற்றம் சொல்வது சரியல்ல. ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். நோயுற்றதை வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் நிழல் தரும் மரத்தையே நட வேண்டும். ஏப்ரல் மாத நண்பகலில் பேருந்துக்குக் காத்து நிற்பவருக்கு அலங்காரப் பனையால் பயனில்லை.

கேள்வி: தெமட்டகொடையில் கால்வாய்க் கரைத் தோட்டத்தில் (சிறு வீடுகள் நெருங்கிய குடியிருப்பில்) இருந்த எங்களை அடுக்குமாடியில் குடியேற்றினார்கள். சுவரும் கழிவறையும் உள்ள வீடு கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் இருந்தபோது இருந்த வருமானம் இல்லை. இது முன்னேற்றமா, இல்லையா? (தெமட்டகொடை)

பதில்: நீங்களே இரண்டு பக்கத்தையும் நேர்மையாக எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தின் மற்றொரு பகுதியையும் இங்கே சுருக்கித் தருகிறேன்: "அம்மா காலை ஐந்து மணிக்கு வாசலில் இடியப்பத் தட்டை வைத்தால் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். இப்போது நாங்கள் ஒன்பதாம் மாடியில். மின்தூக்கி வேலை செய்யாத நாளில் அம்மா கீழே இறங்குவதே இல்லை."

கொழும்பில் இரண்டு வழிகளும் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. 1984 இல் ஆரம்பித்த பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தின் கீழ், அரசாங்கம் வீட்டைக் கட்டிக் கொடுப்பதற்குப் பதிலாக, இருந்த இடத்திலேயே காணியை ஒழுங்குபடுத்தி, சிறு கடன் கொடுத்து, குடும்பங்களையே கட்டச் செய்தது. சாதாரணமாக 6 பேர்ச் இல்லாத காணித்துண்டுக்கு அனுமதி கிடையாது. அந்தத் தோட்டங்களுக்காக விதியைத் தளர்த்தி 2 பேர்ச் துண்டுகளும் ஏற்கப்பட்டன. ஒழுங்கை எங்கே போக வேண்டும், பொதுக்குழாய் எங்கே வர வேண்டும் என்பதைக் குடியிருப்பாளர் சபைகள் பேசித் தீர்த்தன. கட்டடங்கள் அழகாக இருக்கவில்லை என்பது உண்மை; மக்கள் வாழ்ந்த இடம் மாறவில்லை என்பதும் உண்மை. பிறகு எண்ணம் மாறிற்று. 2001 இல் பொரளைப் பக்கத்தில் சஹஸ்புர என்ற பெயரில் 600 க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட உயர்மாடி எழுந்தது. 2010 இற்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்து, 68,000 க்கும் மேற்பட்ட குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றி, அவர்கள் இருந்த நிலத்தை வணிகத்துக்கு விடும் திட்டத்தைத் தொடங்கிற்று.

என் கருத்து இதுதான்: கால்வாயின் விளிம்பில், வெள்ளம் வரும் இடத்தில் இருந்தவர்களை அகற்றியது அவசியம். மேட்டு நிலத்தில், ஓரளவு உறுதியான வீடுகளில், உறுதிப்பத்திரத்தோடே இருந்தவர்களையும் சேர்த்து அகற்றியதற்குக் காரணம் அந்த நிலத்தின் விலை மட்டுமே. உங்களைப் பொறுத்தவரை திரும்பிப் போகும் பேச்சு இனி இல்லை. கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. கீழ்த்தளத்தில் காலை நேர விற்பனைக்கு ஓர் இடம் வேண்டும். மின்தூக்கிப் பராமரிப்பை யார் எந்தப் பணத்தில் செய்வது என்பது எழுத்தில் வேண்டும். வீட்டின் உறுதிப்பத்திரம் உங்கள் கைக்கு வரும் திகதி வேண்டும். தோட்டத்தில் சீட்டுக் கட்டி நடத்திய பெண்கள் அங்கே இருப்பார்கள். மாடிச் சங்கத்தின் கணக்கை அவர்களிடமே ஒப்படைத்துப் பாருங்கள்.

கேள்வி: குப்பைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? (கொலன்னாவை)

பதில்: இடம் மாறியிருக்கிறது. புளூமெண்டல் மேட்டை 2009 இல் மூட நேர்ந்தபோது குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், அந்த மேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். இப்போது கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் ஆலை 2021 முதல் இயங்குகிறது. புத்தளத்து அருவக்காட்டிலும் நிலநிரப்புத் தளம் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான சமையலறைக் கழிவு. அது சரியாக எரியாது. வாழைத்தோலும் மீன் செதிலும் கலந்த பையை லொறியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்கு அனுப்புவது தீர்வாகாது. வீட்டிலேயே பிரித்து வைப்பதும், பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துச் செல்லும் லொறி வருவதும் ஒன்றாக நடக்க வேண்டும். இரண்டாவது நடக்காதபடியால் முதலாவதை மக்கள் கைவிடுகிறார்கள்.

கேள்வி: துறைமுக நகரமும் தாமரைக் கோபுரமும் வந்துவிட்டன. எதிர்காலக் கொழும்பு அதுதானே, ஐயா? (பம்பலப்பிட்டி, மாணவர்)

பதில்: தம்பி, துறைமுக நகரத்துக்காகக் கடலிலிருந்து மீட்ட நிலம் 269 ஹெக்டேயார். ஒரு காலத்தில் சுமார் 165 ஹெக்டேயாராக இருந்த பேரை வாவி இன்று சுமார் 65 ஹெக்டேயாராகச் சுருங்கிக் கிடக்கிறது. கோபுரத்தின் மேல் ஏறிப் பார்த்தால் இரண்டும் தெரியும். நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களில் ஒரு பகுதி நூறு ஆண்டுகளைக் கடந்தவை. அவை மட்டும் அங்கிருந்து தெரியமாட்டா. எதிர்காலத்தில் நீங்கள் பொறியியலாளராக வந்தால் வேலை அதிகமாக இருக்கப் போவது அங்கேதான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகர, கிராமத் திட்டமிடலுக்கென்று ஒரு துறையும் இருக்கிறது. அதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு நகரம் வாழத் தகுந்தது என்பதை எதைக் கொண்டு அளப்பது? (தெஹிவளை)

பதில்: பட்டியல்கள் பல உண்டு. நான் பார்ப்பது, எட்டு வயதுப் பிள்ளை பெரியவர் துணையின்றி விளையாட்டிடத்துக்குப் போய்வர முடிகிறதா என்பதை. உங்கள் பகுதியில் அதற்குக் காலி வீதியைக் கடக்க வேண்டும். நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கும். விளையாட்டிடத்தின் வாயில் பூட்டியிருக்கும். காலிமுகத்திடல் நடைபாதையில் ஆளுநர் ஹென்றி வோர்ட் 1859 இல் பதித்த கல் ஒன்று இருக்கிறது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அவ்விடத்தைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாக அது கூறுகிறது. குடியேற்ற ஆட்சியாளர் ஒருவர் இவ்வளவு எண்ணியிருக்கும்போது, புதிதாகப் பிரிக்கும் காணிகளில் நாம் விட வேண்டிய பொது வெளியையாவது மதில் கட்டி மூடாமல் இருக்கலாம்.

கேள்வி: இவையெல்லாம் அதிகாரிகளின் கையில் இருக்கின்றன. எங்களைப் போன்றவர்களால் என்ன செய்ய முடியும்? தமிழில் எழுதினால் பதில் வருமா? (மட்டக்குளி, வெள்ளவத்தை வாசகர்கள்)

பதில்: வர வேண்டும். 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரச அலுவலகத்துடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. நகர அபிவிருத்தித் திட்டம் ஒன்றின் வரைவை இறுதியாக்குவதற்கு முன் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களை ஏற்க வேண்டும். அந்த அறிவித்தல் செய்தித்தாளின் மூலையில் சிறிய எழுத்தில் வரும். வாசிகசாலையிலோ கோயில் சபையிலோ ஒருவர் அதைக் கவனித்துச் சொல்லும் ஏற்பாடு இருந்தால் நல்லது. கட்டி முடிந்த பின் முறையிடுவதைவிட, வரைவு நிலையில் ஒரு பக்கக் கடிதம் கொடுப்பது பயன் தரும்.

உங்கள் ஒழுங்கையில் எழும்பும் கட்டடம் பற்றி அறிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். "சட்டவிரோதக் கட்டடமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். வீதியின் பெயர், கட்டடத்தின் வரி இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அனுமதிக்கப்பட்ட மாடிகள் எத்தனை, பின்புறம் விட வேண்டிய வெளி எவ்வளவு, மழைநீர்த் தொட்டியின் கொள்ளளவு என்ன, அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்பதற்கான இணக்கச் சான்றிதழ் வழங்கப்பட்டதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் அப்பால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. ஒப்புகைச் சீட்டைப் பெற மறக்க வேண்டாம். கால எல்லை அதிலுள்ள திகதியிலிருந்தே எண்ணப்படும்.